யாரைப் பேய் என்று சொல்கிறோம்?



பேய்க்கதை கேளாமல் வளர்ந்த பிள்ளை நம் ஊர்களில் இருக்க முடியாது. சந்திப் புளியமரத்தில் முனி இருக்கிறது. உச்சி வேளையில் கிணற்றடிக்குத் தனியே போகாதே. பனங்கூடலுக்குள் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ‘ஓம்’ என்று சொல்லாதே. பிள்ளை பெற்ற வீட்டைக் கொத்தி சுற்றி வரும், விளக்கை அணையவிடாதே. இவற்றையெல்லாம் நமக்குச் சொல்லித்தந்தவர்கள் யார்? நம்முடைய சின்னஞ்சிறு கையைப் பிடித்து நெற்றியில் சிலுவை அடையாளம் வரையப் பழக்கிய அதே ஆச்சிமார்தான். செபமாலையையும் அவர்கள் விடவில்லை, வேப்பிலையையும் விடவில்லை.

இக்கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா, சொன்னால் பாவமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. இதற்கு விடை சுருக்கமானது. கதை கதையாக இருக்கும்வரை அதில் பாவமில்லை. ஆனால் நாம் கேட்க வேண்டிய பெரிய கேள்வி வேறொன்று இருக்கிறது. அந்தக் கதை யாரைக் காக்கிறது? யாரை வருத்துகிறது? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, பல தேசத்து மக்கள் சொல்லும் பேய்க்கதைகளைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

தாய்மாரின் துயரம்

மலாயாவுக்கு உத்தியோகம் தேடிப் போன நம் பாட்டன் பூட்டன்மார் அங்கே ஒரு பெயரைக் கேட்டிருப்பார்கள். பொந்தியானாக் என்பது அந்தப் பெயர். கருவுற்ற நிலையிலோ பிள்ளைப்பேற்றிலோ இறந்த பெண், நீண்ட கூந்தலோடும் வெள்ளை உடையோடும் இரவில் அலைகிறாள் என்பது மலாய் மக்களின் நம்பிக்கை. போர்ணியோத் தீவில் இதே பெயரில் ஒரு நகரமும் உண்டு.

அங்கிருந்து வெகுதூரத்திலுள்ள ஜப்பானுக்குப் போனால், அங்கே உபுமே என்ற ஒன்றைச் சொல்கிறார்கள். அவளும் பிள்ளைப்பேற்றில் மாண்டவள்தான். இருட்டில் தெருவோரம் நின்று, வழிப்போக்கரிடம் தன் குழந்தையைச் சற்று ஏந்தும்படி கெஞ்சுவாளாம். வாங்கியவரின் கையில் அந்தப் பொதி கல்லைப்போலக் கனத்துக்கொண்டே போகுமாம். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் பிலிப்பைன்ஸ் தீவுகளிலே, ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசு காட்டுக்குள் அழுது வழிப்போக்கரை மயக்கும் என்று சொல்கிறார்கள். அதைத் தியானாக் என்பார்கள். நம் நாட்டிலோ சிங்கள மக்களிடம் மோகினி, நம்மிடம் கொத்தி.

ஒருவரையொருவர் காணாத மக்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இருந்தும் ஏன் எல்லாரும் பிள்ளைப்பேற்று அறையின் வாசலிலே ஒரு பேயை நிறுத்தினார்கள்? அந்த வாசலிலேதான் மரணம் உண்மையாகவே நின்றது, அன்பர்களே. இலங்கையில் 1930ஆம் ஆண்டுகளில் 100,000 பிள்ளைகள் உயிரோடு பிறந்தால், ஏறத்தாழ 2,000 தாய்மார் இறந்துபோனார்கள். அன்று எந்த ஊரிலும் பிள்ளைப்பேற்றில் ஒரு பெண்ணைப் பறிகொடாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். நேற்று உலையேற்றியவள் இன்று இல்லை. பெற்ற பிள்ளையின் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டாள். அவள் அப்படியே அமைதியாகிவிடுவாளா, பிள்ளையைத் தேடி வரமாட்டாளா என்று அந்த வீட்டார் எண்ணியதில் வியப்பென்ன? உபுமேயின் கையிலிருந்த பொதி கனத்தது என்றால், அது தாயில்லாப் பிள்ளையை வளர்க்கும் பாரம் அல்லாமல் வேறென்ன?

அந்த மரணத்தை வாசலிலிருந்து துரத்தியவர்களையும் நாம் நினைக்கவேண்டும். 1847இல் வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரசவம் பார்க்கப் போகுமுன் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டும் என்று கட்டளையிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் அவருடைய பிரிவில் 100 தாய்மாருக்கு 11 பேர் அளவில் இறந்தார்கள். 1848இல் 100க்கு ஒருவர் அளவாயிற்று. நம் நாட்டில் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. பயிற்றப்பட்ட மருத்துவமாதர் ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாகப் போனார்கள். இன்று 100,000 பிறப்புகளுக்கு 40க்கும் குறைவான தாய்மாரே இறக்கிறார்கள். கொத்தியின் கதை இப்போது ஏன் மங்கிப் போயிற்று என்று கேட்டால், அந்த மாதரின் சைக்கிள் மணியையும் மறக்காமல் சொல்லுங்கள்.

நீர்க்கரைக் காவல்

இன்னொரு வகைக் கதையும் எங்கும் உண்டு. ஜப்பானியப் பிள்ளைகளுக்குக் கப்பா என்ற நீர்ப்பிராணியைச் சொல்லிப் பயங்காட்டுவார்கள். பிள்ளையளவு உயரம், ஆமையைப்போல் முதுகு, தலையின் உச்சியில் ஒரு குழி, அதிலே நீர். ஆற்றங்கரைக்குத் தனியே வரும் பிள்ளையை அது உள்ளே இழுத்துவிடும். ஆனால் கப்பாவுக்கு மரியாதை அதிகமாம். நீ குனிந்து வணங்கினால் அதுவும் குனிந்து வணங்கும், தலையிலுள்ள நீர் சிந்திவிடும், பலம் போய்விடும். இன்றும் அந்நாட்டுக் குளக்கரைகளில், ஆழமான இடம் என்று எச்சரிக்கும் பலகைகளில் கப்பாவின் படத்தைக் காணலாம். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், பாசி மூடிய குளங்களுக்குள் பச்சைப்பல் கிழவி ஒருத்தி பதுங்கியிருக்கிறாள் என்பார்கள். மெக்சிக்கோவில், நீரில் மாண்ட தன் பிள்ளைகளைத் தேடி ஆற்றங்கரையில் அழுது திரியும் தாயைச் சொல்லி, இருட்டியபின் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைப்பார்கள்.

கட்டில்லாத தோட்டக்கிணறும், மாரியில் நிரம்பி வழியும் கேணியும் உள்ள நமக்கு இக்கதைகளின் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை. வேலைக்குப் போகும் தாய்க்கு, பிள்ளையின் பின்னே நாள் முழுவதும் நிற்க முடியாது. அவளுக்குப் பதிலாக அந்தக் கதை கிணற்றடியில் காவல் நின்றது. எத்தனையோ குழந்தைகளை அது காப்பாற்றியும் இருக்கும்.

ஆகவே பழங்கதைகளை எள்ளி நகையாடும் உரிமை நமக்கு இல்லை. அவற்றில் நம் முன்னோரின் கண்ணீரும் இருக்கிறது, கரிசனையும் இருக்கிறது. இறந்தவளுக்காகத் துக்கிக்கும் கதையும், வாழும் பிள்ளையைக் காக்கும் கதையும் மனிதரின் அன்பிலிருந்து பிறந்தவை.

ஆனால் பேயைப் புளியமரத்திலும் குளத்துக்குள்ளும் வைத்திருந்தவர்கள், ஒரு நாள் அதை உயிரோடிருக்கும் மனிதர்மேல் சுமத்தத் தொடங்கினால் என்ன நடக்கும்? அதற்குத்தான் இப்போது வருகிறேன். இது உறுதியாக நடந்த சம்பவம். நடந்ததும் நம்மைப் போன்ற கத்தோலிக்கர் வீட்டில்.

பலிவட்லியில் நடந்தது

அயர்லாந்து தேசத்து மக்கள் விசுவாசத்தில் எவ்வளவு உறுதியானவர்கள் என்பதை நாம் அறிவோம். அந்த மக்களிடையே பழங்காலந்தொட்டு ஒரு நம்பிக்கை இருந்தது. மண்மேடுகளுக்குள்ளே ஒரு மாயச் சனம் வாழ்கிறது. அவர்கள் அழகான பிள்ளைகளையும் இளம் பெண்களையும் களவாகக் கொண்டுபோய், அவர்களைப் போலவே உருவமுள்ள வேறொன்றைப் படுக்கையில் விட்டுவிடுவார்கள். விட்டுச்சென்றது மெலிந்து, நோயுற்று, சிடுசிடுத்துக்கொண்டே இருக்கும். சுகமாயிருந்த பிள்ளை திடீரெனத் தேய்ந்து போவதைக் கண்ட பெற்றோர், ‘இது எங்கள் பிள்ளை அல்ல’ என்று ஆற்றாமையால் சொன்ன சொல்லிலிருந்தே இந்நம்பிக்கை வளர்ந்திருக்கலாம்.

ரிப்பரறி மாவட்டத்திலே பலிவட்லி என்ற சிற்றூர். அங்கே பிறிஜெற் கிளியறி என்று 26 வயதுப் பெண் ஒருத்தி, பீப்பாய் செய்யும் தொழிலாளியான கணவன் மைக்கலோடும் தன் தந்தையோடும் வாழ்ந்தாள். தையற்காரி. சொந்தமாகத் தையல் மெஷின் வைத்திருந்தாள், கோழி வளர்த்து முட்டை விற்றாள், நன்றாக உடுத்தாள். மணமாகி ஏழு ஆண்டுக்கு மேலாகியும் பிள்ளையில்லை. 1895ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், முட்டை கொடுக்கப் போய்த் திரும்பியவள் குளிர்பிடித்துப் படுத்தாள். தலையிடி தாங்க முடியவில்லை. நாட்கள் சென்றும் எழும்பவில்லை.

வைத்தியரை அழைத்தார்கள், அவர் வரப் பிந்தினார். வந்து பார்த்து மருந்து கொடுத்தார். குருவானவரும் வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். ஆனால் உறவினரான ஒரு முதியவர், பழங்கதை சொல்வதில் வல்லவர், அவளைப் பார்த்துவிட்டு இவள் பிறிஜெற் அல்ல என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல் வீட்டுக்குள் புகுந்தது. வைத்தியரின் மருந்து ஒதுக்கப்பட்டது. மைக்கல் மூலிகைக்காரன் ஒருவனிடம் போய்ப் பச்சிலை வாங்கி வந்தான்.

மார்ச் 14ஆம் திகதி இரவு. நோயாளியைக் கட்டிலிலே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பாலில் அவித்த அந்தக் கசப்பை வாய்க்குள் ஊற்றினார்கள். பிடித்தவர்கள் அந்நியர் அல்லர்; அவளோடு கூடப் பிறந்தாற்போல் வளர்ந்த மைத்துனன்மார். தந்தையும் அங்கே நின்றார். அயல்வீட்டாரும் நின்றார்கள். கடவுளின் பெயரால் நீ பிறிஜெற் தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவள் ஆம் என்றாள். போதவில்லை. அடுப்பு நெருப்பின் அருகே அவளைத் தூக்கிப் பிடித்து மறுபடியும் கேட்டார்கள்.

மறுநாட் காலை குருவானவர் வந்து அந்த வீட்டிலேயே பூசை செய்தார். முந்திய இரவு நடந்ததை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அன்றிரவு மைக்கல் மூன்று துண்டு பாணை அவள் முன் வைத்து, ஒவ்வொன்றையும் உண்ணுமுன் உன் பெயரைச் சொல் என்றான். இரண்டை உண்டாள். மூன்றாவதை உண்ணச் சற்றுப் பிந்தினாள். அவன் அவளை நிலத்தில் தள்ளினான். உடை நெருப்புப் பற்றியது. விளக்கெண்ணெயை எடுத்து அவள்மேல் ஊற்றினான். எரிகிறவள் தன் மனைவியல்ல என்று சொன்னான். அதன்பின் அவன் இரவிலே மண்மேட்டருகே போய்க் காத்திருந்தான். உண்மையான பிறிஜெற் வெள்ளைக் குதிரையில் வருவாள், கயிற்றை அறுத்து அவளை மீட்பேன் என்று நம்பியிருந்தான். ஒருவரும் வரவில்லை. ஒரு வாரத்தின்பின் பொலிசார், ஆழமில்லாத குழியொன்றில் அவளைக் கண்டெடுத்தார்கள். அவன் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 1910இல் வெளியே வந்தான். வேறு சிலரும் மறியலுக்குப் போனார்கள். அவர்களில் அவளுடைய தந்தையும் ஒருவர்.

வாசகர்களே, அந்த வீட்டில் நின்றவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் கொலைகாரராய்ப் பிறந்தவர்கள் அல்லர். ஞாயிறுதோறும் பூசை கண்டவர்கள். அவளை நேசிக்காதவர்களும் அல்லர். தங்கள் பிறிஜெற் திரும்பி வரவேண்டும் என்றுதான் விரும்பினார்கள். ஆனால் ‘இது அவளல்ல’ என்று மனம் தீர்மானித்தபின், அவள் அழுதது அவர்களுக்கு அழுகையாகக் கேட்கவில்லை. அவள் சொன்ன ‘ஆம்’ ஆமாக இருக்கவில்லை. பேய் என்ற பெயரைச் சூட்டிவிட்டால், பிறகு எதையும் செய்யலாம் என்றாகிவிடுகிறது. அதுதான் அந்தப் பெயரின் கொடுமை. அன்றிரவு அந்த வீட்டில் பசாசின் வேலை நடந்ததா என்று கேட்பீர்களானால், நடந்தது என்றே சொல்லவேண்டும். ஆனால் அது கட்டிலில் கிடந்தவளிடம் நடக்கவில்லை. அவளைப் பிடித்திருந்த கைகளில் நடந்தது.

மேய்ப்பர்கள் செய்ததும் செய்யாததும்

இந்த விஷயத்தில் திருச்சபையின் மக்கள் எப்போதும் நல்லபடி நடந்தார்களா? உண்மையை மறைத்துப் பயனில்லை. 1486இல் கிராமர் என்ற துறவி, சூனியக்காரிகளைத் தேடிப்பிடித்துத் தண்டிப்பது எப்படி என்று ஒரு நூல் வெளியிட்டார். 15ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டுவரை ஐரோப்பாவில் 40,000 முதல் 60,000 பேர்வரை, பெரும்பாலும் பெண்கள், சூனியக்காரர் என்று கொல்லப்பட்டார்கள் என வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். கத்தோலிக்க ஊர்களிலும் இது நடந்தது, புரட்டஸ்தாந்து ஊர்களிலும் நடந்தது. பக்தியின் பெயராலேயே நடந்தது.

ஆனால் வேறுவிதமான மேய்ப்பர்களும் இருந்தார்கள். ஏறக்குறைய 815ஆம் ஆண்டில், பிரான்சு தேசத்து லியோன்ஸ் நகரத்து மேற்றிராணியாராகிய அகோபாட் முன்னே ஒரு கூட்டம் வந்தது. மூன்று ஆண்களையும் ஒரு பெண்ணையும் விலங்கிட்டு இழுத்து வந்தார்கள். மேகங்களுக்கு மேலே ஒரு தேசம் இருக்கிறது. அங்கிருந்து கப்பல்கள் வந்து, ஆலங்கட்டி மழையில் அழிந்த நம் விளைச்சலைக் களவாக ஏற்றிப் போகின்றன. இந்த நால்வரும் அந்தக் கப்பலிலிருந்து விழுந்தவர்கள். இவர்களைக் கல்லால் எறிந்து கொல்லவேண்டும் என்றார்கள். விளைச்சல் அழிந்தது உண்மை. பசியும் உண்மை. அகோபாட் அவர்களோடு நெடுநேரம் வாதாடி, அந்தக் கதையின் பொய்யை வெளிப்படுத்தினார். பிறகு இதைப்பற்றி ஒரு நூலும் எழுதினார். கூட்டம் கோபத்தோடு நிற்கும்போது நியாயம் பேசுவது எவ்வளவு கடினம் என்பதை, ஊர்க்கூட்டங்களில் நின்றவர்கள் அறிவார்கள்.

ஜெர்மனி தேசத்தில் பிரடெறிக் ஸ்பே என்ற இயேசுசபைக் குருவானவர் இருந்தார். சூனியக்காரி என்று தீர்ப்பிடப்பட்ட பெண்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு, மரணம்வரை அவர்களோடு கூடப் போகும் பொறுப்பு அவருடையது. தாம் அப்படிக் கூடச் சென்றவர்களில் குற்றமுள்ள ஒருத்தியையும் காணவில்லை என்று அவர் எழுதினார். சித்திரவதை செய்தால் எவரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள். நம்மைச் செய்தாலும் நாமும் சூனியக்காரர்தான் என்று வாதாடினார். 1631இல் வெளிவந்த அவருடைய நூலில் ஆசிரியர் பெயர் இல்லை. அவ்வளவு ஆபத்தான காலம். 1635இல், கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்து, தாமும் அந்நோயால் இறந்தார்.

இவர்கள் இருவரும் செய்தது என்ன? எல்லாரும் பேயையும் மாயத்தையும் பார்த்த இடத்தில், அவர்கள் விலங்கிடப்பட்ட மனிதரைப் பார்த்தார்கள். அவர்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

ஆண்டவரையும் பேய் என்றார்கள்

நற்செய்தியைத் திறந்து பாருங்கள். மத்தேயு 14ஆம் அதிகாரத்திலே இரவின் கடைசிச் சாமம், எதிர்க்காற்று, அலை. படகிலிருந்த சீடர்கள் கடல்மேல் நடந்து வரும் ஒருவரைக் கண்டு, பேய் என்று பயந்து அலறினார்கள். கடற்றொழில் செய்யும் நம் குடும்பத்தார் அந்தப் பயத்தை நன்றாக அறிவார்கள். ஆனால் வந்தவர் யார்? தங்களைக் காப்பாற்ற வந்த ஆண்டவரையே அவர்கள் பேய் என்றார்கள்.

லூக்கா 24ஆம் அதிகாரத்திலும் அப்படியே. உயிர்த்தெழுந்தவர் நடுவில் வந்து நின்றபோது, ஆவியைக் காண்பதாக எண்ணிக் கலங்கினார்கள். ஆண்டவர் அவர்களை ஏசவில்லை. காயப்பட்ட கைகளையும் கால்களையும் காட்டினார். தொட்டுப் பாருங்கள் என்றார். உண்ண ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவர்கள் வாட்டிய மீனைக் கொடுத்தார்கள். அவர்கள் கண்முன்னே வாங்கி உண்டார். பலிவட்லியிலும் ஒருத்தி முன் உணவு வைக்கப்பட்டது. அங்கே அது அவளை மடக்குவதற்கு வைத்த சோதனை. இங்கேயோ பசித்தவர் கேட்டார், கொடுத்தார்கள், பயம் தீர்ந்தது. ஒருவர் பேயோ மனிதரோ என்ற ஐயம் வந்தால், நமக்கு ஆண்டவர் காட்டிய வழி இதுதான். காயம் எங்கே என்று பார். பசிக்கிறதா என்று கேள்.

இன்னுமொன்று. மாற்கு 3ஆம் அதிகாரத்திலே ஆண்டவரின் உறவினரே அவர் மதிமயங்கிவிட்டார் என்று எண்ணி அவரைப் பிடித்துக்கொண்டு போக வந்தார்கள். மறைநூலறிஞரோ அவரிடம் பேய்த்தலைவன் இருக்கிறான் என்றார்கள். ஆகவே ஊரார் ஒருவரைப் பார்த்துப் பேய் பிடித்தவர் என்று விரல் நீட்டும்போது, அந்தப் பழிச்சொல்லை முன்னரே சுமந்தவர் நம் ஆண்டவர் என்பதை மறவாதிருப்போம்.

நமது வீடுகளில்

இவையெல்லாம் அயர்லாந்திலும் ஜெர்மனியிலும் பழைய காலத்தில் நடந்தவை என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடாதீர்கள். 2021ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில், நம் நாட்டின் கம்பஹா மாவட்டத்து தெல்கொடையில், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். பேய் பிடித்திருக்கிறது என்று நம்பிய தாய், பேயோட்டும் ஒரு பெண்ணிடம் அவளைக் கொண்டுபோனாள். அங்கே பிரம்பால் அடித்ததில் பிள்ளையின் உயிர் போயிற்று. அந்தத் தாயும் தன் மகள் சுகமாக வேண்டும் என்றுதான் கொண்டுபோயிருப்பாள்.

நம் கிராமங்களை நினையுங்கள். வலிப்பு வரும் பிள்ளை இருக்கிறது. முதற்பிள்ளை பெற்றபின் உண்ணாமல், உறங்காமல், பிள்ளையைத் தூக்காமல் சுவரையே பார்த்திருக்கும் இளந்தாய் இருக்கிறாள். 2009இல் முடிந்த யுத்தத்தில் மகனைத் தொலைத்துவிட்டு, இரவில் எழும்பிப் படலையடியில் நின்று அவனோடு கதைக்கும் அம்மா இருக்கிறார். இவர்களைப் பார்த்து ‘பேய் பிடித்திருக்கிறது’ என்று சொல்லும் நாக்குகள் நம்மிடையே இல்லையா? நூல் கட்டுகிறோம், கழிப்புக் கழிக்கிறோம் என்று காசு பறிப்பவர்கள் இல்லையா? பிள்ளையில்லாதவளும் கைம்பெண்ணும் எதிரே வந்தால் முகத்தைத் திருப்புவதும், ஆடு செத்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவள் கண் பட்டது என்பதும் இல்லாமற் போய்விட்டனவா? பிறிஜெற்றுக்கு எதிராக முதலில் நெருப்பு வரவில்லை. முதலில் வந்தது ஒரு பேச்சு.

அப்படியானால் பசாசே இல்லையா என்று சிலர் கேட்பீர்கள். தீய ஆவி உண்டென்று திருச்சபை போதிக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே திருச்சபை எவ்வளவு கவனமாக நடக்கச் சொல்கிறது என்று பாருங்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1172ஆம் சட்டப்படி, ஆயரின் தனிப்பட்ட அனுமதி பெற்ற குருவானவர் தவிர வேறெவரும் பேய் பிடித்தவர்மேல் பேயோட்டும் சடங்கை நடத்தக்கூடாது. 1999இல் வெளிவந்த புதிய சடங்குமுறை நூல், நோயை, அதிலும் மனநோயைப் பேய் என்று எளிதாக நம்பிவிடக்கூடாது என்று எச்சரிக்கிறது. திருச்சபையே இவ்வளவு தயங்கும் இடத்தில், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து நாம் எப்படித் தீர்ப்புச் சொல்லலாம்?

ஆகவே குடும்பத்தவர்களே, சில காரியங்களை மனத்தில் வைப்போம். வீட்டில் ஒருவருடைய நடத்தை திடீரென மாறினால், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவல்ல. வலிப்புக்கும் மனநோய்க்கும் இன்று மருந்து உண்டு. வைத்தியர் கொடுத்த மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள். அடிப்பது, கட்டிவைப்பது, பட்டினி போடுவது, புகையூட்டுவது ஆகியவற்றை யார் சொன்னாலும் செய்யாதீர்கள், செய்பவரைத் தடுங்கள். பங்குக் குருவானவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பலிவட்லியில் போல, பூசைக்கு வந்தவருக்கு மறைத்துவிடாதீர்கள். நோயாளியின் அருகே இருந்து செபமாலை சொல்லுங்கள். அவரை அடக்குவதற்காக அல்ல, அவர் தனியே இல்லை என்று அவர் அறிவதற்காக. மாற்கு 9ஆம் அதிகாரத்தில், வலிப்பால் வருந்திய மகனைக் கொண்டுவந்த தகப்பனிடம், இது எவ்வளவு காலமாக என்று ஆண்டவர் பொறுமையாக விசாரித்தார். பின்பு அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். நாமும் விசாரிக்கலாம், கையைப் பிடிக்கலாம்.

கதைகளையும் விட்டுவிட வேண்டாம். கப்பாவையும் முனியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்; அவர்கள் கண்ணை விரித்துக் கேட்கட்டும். கிணற்றடியைக் கதை காக்கட்டும். ஆனால் கதை முடிந்தபின், அடுத்த வீட்டு அன்ரியையோ ஒழுங்கைக்கோடியில் தனியே இருக்கும் ஆச்சியையோ அந்தக் கதைக்குள் இழுத்துவிடாதீர்கள். பிள்ளைகள் நாம் சொல்லும் கதையைவிட, நாம் தாழ்ந்த குரலில் கதைப்பதைத்தான் கூர்ந்து கேட்கிறார்கள்.

உங்கள் பங்கிலும் பிள்ளைகள் கல்லெறியும் ஒருவர் இருக்கலாம். பெரியவர்கள் வழிமாறிப் போகும் ஒரு வீடு இருக்கலாம். இந்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அந்தப் படலையைத் திறந்து உள்ளே போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். சாப்பிட்டீர்களா என்றும் கேளுங்கள். கையில் கொஞ்சம் சோறும் மீன்கறியும் இருந்தால் இன்னும் நல்லது.

கடல்மேல் நடந்து வந்து, பயந்தவர்களுக்குத் துணிவு சொன்ன ஆண்டவர் உங்கள் குடும்பங்களோடு இருப்பாராக.